தையல் போட்ட பிள்ளைக்கு டானிக்கா, முட்டையா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ மதுரைக்கோதான் பெரும்பாலும் போக வேண்டும். வீடு திரும்பியதும் பத்தியம் ஒருபுறம், சத்து டானிக் மறுபுறம் என்று தொடங்கிவிடுகிறது. இரண்டிலும் அக்கறை இருக்கிறது. ஆனால் அந்த அக்கறையே சில நேரம் பிள்ளை தேறுவதைத் தாமதப்படுத்துகிறது.

நம்பிக்கை: முட்டை, மீன், கடலை கொடுத்தால் தையல் சீழ் பிடிக்கும்.

உண்மை: சீழ் வைப்பது கிருமியால். புண் ஆறப் புரதமும் துத்தநாகமும் வேண்டும். விலக்கி வைக்கும் அதே முட்டையிலும் மீனிலும் கடலையிலும்தான் இரண்டும் இருக்கின்றன. சாப்பிட டாக்டர் அனுமதித்த பிறகு, அவர் வேண்டாம் என்றதை மட்டும் விலக்கினால் போதும்.

நம்பிக்கை: வயிற்றுப்போக்குக்குத் தந்த துத்தநாக மாத்திரை மிச்சம் இருக்கிறது, கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும்.

உண்மை: துத்தநாகக் குறைபாடு உள்ள பிள்ளைக்குத்தான் அதனால் பலன். 4 முதல் 6 வயதுப் பிள்ளையின் ஒரு நாள் தேவை சுமார் 4.5 மி.கி. அந்த மாத்திரையிலோ 20 மி.கி.; அதுவும் 14 நாளுக்கான கணக்கு. மாதக்கணக்கில் கொடுத்தால் உடலில் தாமிரம் சேராது. அதனாலேயே ரத்தசோகை வரலாம்.

நம்பிக்கை: ரத்தம் நிறையப் போயிருக்கிறது, வந்த அன்றே இரும்பு டானிக் தொடங்க வேண்டும்.

உண்மை: பெரிய அறுவைக்குப் பின் சில நாட்கள் உடலில் அழற்சி இருக்கும். அப்போது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின், குடலில் இரும்பு ஏறுவதைத் தடுக்கும். எப்போது, எவ்வளவு என்பதை ஹீமோகுளோபின் பார்த்து டாக்டர் சொல்வார். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள். கால்சியம் இரும்பின் பலனைக் குறைக்கும். பள்ளியில் வாரந்தோறும் இரும்பு மாத்திரை தருகிறார்கள் என்றால், வீட்டில் கொடுக்கும் மருந்தை ஆசிரியரிடம் சொல்லுங்கள். பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 60 மி.கி.க்கு மேல் இரும்பு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து.

நம்பிக்கை: இளநீர் எந்தப் பிள்ளைக்கும் கெடுதல் செய்யாது.

உண்மை: இளநீரில் பொட்டாசியம் அதிகம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் சரியாக இயங்காத பிள்ளைக்கும், இதய அறுவைக்குப் பின் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கும் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும். கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நம்பிக்கை: கால்சியம் டானிக் இல்லாமல் எலும்பு கூடாது.

உண்மை: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு. முளைகட்டி அரைத்தால் அது உடலில் இன்னும் நன்றாகச் சேரும். சாப்பாடு போதாத பிள்ளைக்கு டாக்டரே மருந்து எழுதுவார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டிலுள்ள டானிக் பாட்டில்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். எழுதிக் கொடுத்ததைத் தவறாமல் கொடுங்கள். எழுதாத டானிக்குக்குப் போகும் காசை முட்டைக்கும் பருப்புக்கும் செலவழியுங்கள்.