வெளிநாட்டுப் பொருளால் காயமா? வழக்கு எங்கே?

கிளிநொச்சியில் வாங்கிய சீனத் தயாரிப்பு நீர்ப்பம்பியில் மின்சாரம் தாக்கிவிட்டதா? வழக்குக்காகச் சீனா வரை போகவேண்டியதில்லை. பொதியில் இறக்குமதியாளரின் பெயரைத் தேடுங்கள். பொதியையும் பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள். பழுதான பம்பியைத் திருத்தவும் கொடுக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.

இறக்குமதியாளர் கொழும்பில் இருக்கட்டும். வழக்குக்கான காரணம் இங்கே எழுந்திருந்தால் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. காயத்துக்கான நட்டஈட்டு வழக்குக்கு 2 ஆண்டுதான் கெடு. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுவதென்றால் விற்பனையிலிருந்து 3 மாதமே (தொலைபேசி 1977).

வெளிநாட்டு நீதிமன்றத்தை நம்பியிருப்பதும் ஆபத்து: இந்தியாவின் போபால் விஷவாயுக் கசிவு வழக்குகளை 1986இல் நியூயோர்க் நீதிமன்றம் இந்தியாவுக்கே அனுப்பிவிட்டது. லண்டன் மாமா கொண்டுவந்து தந்த பொருளென்றால் இங்கே பிடிப்பதற்கு இறக்குமதியாளரே இல்லை. அங்குள்ள சட்டத்தரணியிடம் மாமாவையே விசாரிக்கச் சொல்லுங்கள்.