சான்றுகளைத் திரட்டும் இணைய நூலகம்

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் நுரையீரல் முழு வளர்ச்சி பெற்றிருப்பதில்லை. அதனால், அவை மூச்சுவிடத் திணறுகின்றன. 1972ஆம் ஆண்டு நியூசிலாந்து மருத்துவர்களான லிக்கின்ஸ், ஹோவி ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி கண்டனர். குறைமாதத்திலேயே மகப்பேறு நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு மருந்தை ஊசிவழி செலுத்தினால், கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிரும் என்பதை அவர்களின் ஆய்வு காட்டியது.

பின்னர், வேறு பல ஆய்வுகளும் நடந்தன. ஆனால், அவற்றுள் பல சிறியவை. தனித்தனியே பார்த்தபோது அவற்றின் முடிவுகள் தெளிவாகத் தெரியவில்லை. அவை வெவ்வேறு இதழ்களில் சிதறிக் கிடந்தன. எனவே, மருத்துவர் பலர் அம்மருந்தைப் பயன்படுத்தத் தயங்கினர். மலிவான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய குழந்தைகள் பல உயிரிழந்தன.

மருத்துவத்துறை தன் ஆய்வுகளை ஒழுங்காகத் தொகுத்து வைக்கவில்லை என்று 1979ஆம் ஆண்டிலேயே ஆர்ச்சி காக்ரன் என்னும் மருத்துவர் குறை கூறியிருந்தார். அக்குறையைப் போக்க முன்வந்தவர்களுள் ஒருவர் இயன் சால்மர்ஸ். அவரும் அவர்தம் குழுவினரும் மகப்பேறு தொடர்பான ஆய்வுகளைத் தேடித் திரட்டினர். 1989ஆம் ஆண்டு அவற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். சிதறிக் கிடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஸ்டீராய்டு மருந்தின் பயன் ஐயமின்றிப் புலப்பட்டது.

இத்தகைய தொகுப்புப் பணிக்குத் தெளிவான வழிமுறை உண்டு. முதலில், விடை காணவேண்டிய கேள்வியை வரையறுக்க வேண்டும். அடுத்து, அதனையொட்டிய எல்லா ஆய்வுகளையும் தேட வேண்டும். நமக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் ஆய்வுகளை மட்டும் பொறுக்கி எடுக்கக்கூடாது. எவற்றை ஏற்பது, எவற்றை விலக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இருவர் தனித்தனியே தேர்வு செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை குறையும். பிறகு, ஒவ்வோர் ஆய்வின் தரத்தையும் எடைபோட்டு, முடிவுகளை ஒருங்கிணைக்க வேண்டும்.

1993ஆம் ஆண்டு, காக்ரனின் பெயரில் ஓர் அனைத்துலக அமைப்பு தோன்றியது. அதன் சின்னத்தில் உள்ள கிடைக்கோடு ஒவ்வொன்றும் ஸ்டீராய்டு பற்றிய ஓர் ஆய்வைக் குறிக்கிறது. கீழேயுள்ள சாய்சதுரம் அவற்றின் ஒருங்கிணைந்த முடிவைக் காட்டுகிறது.

அச்சுநூல் நாளடைவில் பழையதாகிவிடும். இணையத்தில் இருக்கும் தொகுப்பையோ புதிய ஆய்வு வரும்போது திருத்தியமைக்கலாம். இதனால்தான் அவ்வமைப்பின் நூலகம் இணையத்தில் இயங்குகிறது. அதன் ஆய்வுச் சுருக்கங்கள் பல, எளிய நடையில் தமிழிலும் மலாயிலும்கூடக் கிடைக்கின்றன. தாதியர், சுகாதாரக் கல்வியாளர் ஆகியோர் அவற்றைப் படித்து மக்களுக்கு நம்பகமான தகவல்களை எடுத்துரைக்கலாம்.

புதிய மருந்தைக் கண்டுபிடிப்பது மட்டுமே உயிர் காக்கும் பணியன்று. ஏற்கெனவே கண்டறிந்தவற்றை நேர்மையாகத் தேடித் தொகுத்து, உரியவரிடம் கொண்டு சேர்ப்பதும் உயிர் காக்கும் பணியே ஆகும்.