செல்போனில் ஓதல்: யூதர்கள் செய்ததும் நம் மதரஸாவும்



2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் மதரஸாக்கள் பூட்டிக் கிடந்தபோது நம் பிள்ளைகளின் ஓதல் செல்போனுக்குப் போயிற்று. உஸ்தாதுமார்கள் வாட்ஸ்அப்பில் ஓதி அனுப்பினார்கள். பிள்ளைகள் ஓதித் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லை. அந்த வழியாவது இருந்ததற்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மதரஸாக்கள் திறந்து இத்தனை காலம் ஆன பிறகும் சில பிள்ளைகள் செல்போனோடு நின்றுவிட்டார்கள். நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் கேட்பது இதுதான்: "நல்ல நல்ல காரிமார் ஓதுறதைக் கேட்டு வீட்டுலேயே ஓதுறானே காக்கா. ஸ்கூல், டியூஷன் எல்லாம் முடிஞ்சு அலுத்து வர்ற பிள்ளையை மதரஸாவுக்கும் அனுப்பணுமா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாப்பா வளைகுடாவிலோ கப்பலிலோ இருக்க, உம்மா தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். அந்த வீட்டில் போய் "செல்போனைத் தொடாதே" என்று சொல்வது பயன் தராது. இதே கேள்வியை நமக்கு முன்பே சந்தித்த ஒரு சமுதாயம் என்ன செய்தது என்று பார்ப்பது பயன் தரும். நாம் சொல்வது யூதர்களை.

பலஸ்தீனத்தின் துயரம் நெஞ்சை அழுத்தும் இந்த நாளில் அவர்களிடமிருந்தா பாடம் என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஓர் அரசின் செயல் வேறு. பன்னெடுங்காலமாக வேதம் ஓதி வரும் ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் முறை வேறு. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஜைது இப்னு ஸாபித் (ரழி) அவர்களுக்கு நம் நாயகம் (ஸல்) அவர்களே கட்டளையிட்டார்கள் என்பதும், அவர்கள் அரை மாதத்தில் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள் என்பதும் திர்மிதீ, அபூதாவூத் கிரந்தங்களில் உள்ள செய்தி.

முதலில் நம் கடற்கரையிலிருந்தே தொடங்குவோம். மார்க்கக் கல்விக்குப் புதுக் கருவியைப் பயன்படுத்துவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தமிழில் முதன்முதலாக அச்சான நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அதை ஆக்கிய அண்டிரிக்கு அடிகளார் என்னும் ஹென்றிக் ஹென்றிக்ஸ், முத்துக்குளித்துறையின் பரதவ மக்களுக்குக் கிறிஸ்தவம் கற்பிக்க வந்த போர்ச்சுகல் பாதிரியார். அவருடைய 'அடியார் வரலாறு' 1586இல் நமக்குப் பக்கத்துப் புன்னைக்காயலில் அச்சானதாகச் சொல்லப்படுகிறது. யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்ததால் தம் சொந்த நாட்டிலேயே ஒதுக்கலைச் சந்தித்தவர் அவர் என்பது பலரும் அறியாத செய்தி.

நம் முன்னோர்கள் அச்சுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில். அதுவும் ஈய எழுத்தைக் கோத்து அடிக்கும் அச்சுக்கல்ல, கல்லச்சுக்கு. அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று கூடி வளைந்து வருபவை. ஈய எழுத்தில் அந்த அழகும் தெளிவும் கெட்டுப்போகும். கல்லச்சில் காத்திப் தம் கையால் எழுதியதே கல்லில் பதிந்து அப்படியே தாளில் வரும். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் கிதாபுகள் இவ்வழியில் பெருகின. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் (1816-1898) கிதாபுகள் இங்கும் இலங்கையிலும் வீடு வீடாகப் போயின.

அப்போதும் கிதாபு வந்துவிட்டதே என்று யாரும் ஓதிக் கொடுப்பதை நிறுத்தவில்லை. ஓதத் தெரிந்த ஒரு பெண்மணி தைக்காவிலோ வீட்டுக் கூடத்திலோ அமர்ந்து வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். விளங்காததை அங்கேயே கேட்டுக்கொள்வார்கள்.

இனி யூதர்கள் விஷயம். அவர்களின் மார்க்கச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பு தல்மூத். அதை முழுமையாக முதலில் அச்சிட்டவர் வெனிஸ் நகரத்தில் இருந்த டேனியல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகக்காரர். 1520 முதல் 1523 வரை அந்த வேலை நடந்தது. நடுவில் மூலம், இரு பக்கமும் விரிவுரைகள் என்று அவர் ஒரு பக்க அமைப்பை நிலைநாட்டினார். அதற்குப் பின் உலகில் எங்கே தல்மூத் அச்சிட்டாலும் பெரும்பாலும் அதே பக்க எண், அதே பக்க முடிவு. ஐந்நூறு ஆண்டுகளாக அது மாறவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1923இல் மெய்ர் ஷபிரோ என்ற போலந்து நாட்டு யூத ஆலிம் வியன்னாவில் நடந்த மாநாட்டில் ஒரு யோசனை சொன்னார். உலகில் உள்ள யூதர்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு ஒரு தாள் வீதம், ஒரே நாளில் ஒரே தாளைப் படிக்க வேண்டும் என்பதே அது. மொத்தம் 2,711 தாள்கள். முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள். வியாபாரத்துக்காக எந்த ஊருக்குப் போனாலும், அங்கே உள்ள பள்ளியில் அன்றைக்கு ஓடும் பாடம் தன் ஊரில் ஓடும் அதே பாடம்தான். பக்கம் பொதுவாக இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. 14ஆவது சுற்று 2020 ஜனவரி 5 அன்று தொடங்கியது. இரண்டே மாதங்களில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் திரைக்கு மாறியது, தாள் மாறவில்லை. எந்த நாளில் எந்தத் தாள் என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

அதற்கு முன்பே அவர்கள் தொலைபேசியிலும் கேசட்டிலும் பாடம் கேட்டுப் பழகியவர்கள். 2013 முதல் செஃபாரியா என்ற இணைய நூலகம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வரியைத் தொட்டால் அந்த வரிக்கு எந்தெந்த இமாம்கள் என்ன விளக்கம் எழுதினார்கள் என்று மூல நூலோடு காட்டும். ஆனால் எல்லோரும் ஒரே மனத்தோடு செல்போனை வரவேற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். மிகவும் பேணுதலான பிரிவினர் இணையம் இல்லாத, அல்லது வடிகட்டப்பட்ட செல்போன்களையே வைத்துக்கொள்கிறார்கள். 2012 மே மாதம் நியூயார்க்கில் இணையத்தின் கேடுகளைப் பேசுவதற்காகவே ஒரு விளையாட்டு அரங்கம் நிறையக் கூடினார்கள்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, சப்பத் நாளில், பேணுதலானவர்கள் யாரும் செல்போனைத் தொடுவதில்லை. அதனால் வீட்டில் தாள் புத்தகம் இருந்தே ஆக வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளை அதைத் திறந்தே ஆக வேண்டும்.

அவர்களின் பள்ளியில் தவ்ராத்தை ஓதுவது கையால் எழுதிய தோல் சுருளில் இருந்து. அதில் உயிர்க்குறி கிடையாது, இராகக் குறியும் கிடையாது. ஓதப் போகும் சிறுவன் வீட்டில் செல்போனில் பதிவைக் கேட்டுப் பழகுகிறான். ஆனால் பள்ளியில் நின்று ஓதும்போது பக்கத்தில் நிற்பவர் காது கொடுத்துக் கேட்கிறார். தவறினால் அங்கேயே திருத்துகிறார். தராவீஹில் இமாம் தடுமாறினால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் எடுத்துக் கொடுப்பாரே, அதைப் போல. கருவியை அவர்கள் எவ்வளவு பயன்படுத்தினாலும், பொதுவான பக்கத்தையும் கேட்கும் காதையும் விடவில்லை என்பதே நமக்குப் பட்டது.

இப்போது நம் பிள்ளையின் செல்போனைத் திறந்து பாருங்கள்.

நம் மதரஸாக்களில் ஓதுவது பெரும்பாலும் இந்திய எழுத்து முறையில் அச்சான முஸ்ஹஃபு. செயலிகளில் பெரும்பாலும் வருவது மதீனாவில் அச்சாகும், உஸ்மான் தாஹா அவர்களின் கையெழுத்தில் உள்ள 604 பக்க முஸ்ஹஃபு. இரண்டும் அல்லாஹ்வின் கலாமே, இரண்டும் சரியே. ஆனால் குறியீடு ஒன்றல்ல. சூரா ஃபாத்திஹாவின் 'அல்ஹம்து' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் அச்சில் முதல் அலிஃபின் மேல் ஜபர் இருக்கும். மதீனா அச்சில் ஜபர் இருக்காது. ஸாத் எழுத்தின் தலையைப் போல ஒரு சிறு குறி மட்டும் இருக்கும். எழுத்துக் கூட்டி ஓதப் பழகும் ஏழு வயதுப் பிள்ளை முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறது. மதீனா அச்சில் ஓர் எழுத்தின் மேல் சிறு வட்டம் இருந்தால் அந்த எழுத்தை ஓதக்கூடாது என்று பொருள். அதை யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஹிஃப்ழு செய்யும் பிள்ளைக்கு இது இன்னும் பெரிய சங்கடம். மனனம் காதில் மட்டும் நிற்பதில்லை, கண்ணிலும் நிற்கிறது. இந்த ஆயத்து இடப்பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி என்று ஹாஃபிழ்களுக்குப் பக்கமே கண்முன் வரும். 15 வரி ஹாஃபிழி முஸ்ஹஃபில் ஒவ்வொரு பக்கமும் ஆயத்தின் முடிவில் முடிவது இதற்காகத்தான். மதீனா முஸ்ஹஃபுக்கும் பக்கத்துக்கு 15 வரிதான், ஆனால் பக்கம் முடியும் இடங்கள் எல்லாம் ஒன்றாக இருப்பதில்லை. வேறு சில செயலிகளில் பக்கமே கிடையாது. விரலால் தள்ளத் தள்ள ஓடிக்கொண்டே இருக்கும். காலையில் உஸ்தாதிடம் ஒரு முஸ்ஹஃபு, மாலையில் செல்போனில் இன்னொன்று என்று ஓதும் பிள்ளைக்குப் பக்கம் மனத்தில் பதியாது. ஜுஸ்வு கூடக் கூடத் தடுமாற்றமும் கூடும். பிள்ளைக்கு மூளை இல்லை என்று வாப்பா போனில் திட்டுவார், குற்றம் பிள்ளையுடையதல்ல.

அடுத்தது, தமிழ் எழுத்தில் வரும் சூராக்கள். வாட்ஸ்அப் குழுக்களில் இவை தினமும் சுற்றுகின்றன. பெரிய காஃபில் தொடங்கும் 'கல்பு' இதயம். சின்னக் காஃபில் தொடங்கும் 'கல்பு' நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஸீனும் ஸாதும் ஸாவும் ஒரே 'ஸ' ஆகிவிடும். இந்தச் சிக்கலுக்குத்தான் நம் முன்னோர் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். நாம் அரபைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்!

காரியின் ஓதலைக் கேட்பது நல்லதே. ஆனால் காரி நம் பிள்ளை ஓதுவதைக் கேட்கவில்லை. பிள்ளை ஓதுவதைக் கேட்டு, விட்டுப்போன சொல்லைக் காட்டும் தர்தீல் போன்ற செயலிகள் இப்போது வந்துள்ளன. பாடத்தைத் திரும்ப ஓதிப் பார்க்க அவை உதவும். ஹாவும் பெரிய ஹாவும் தொண்டையில் எங்கிருந்து வருகின்றன என்பதை உஸ்தாதின் வாயைப் பார்த்தே பிள்ளை கற்க வேண்டும். பிள்ளையின் வாயைப் பார்த்தே உஸ்தாத் திருத்த வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். ஹதீஸ் என்று ஒரு செய்தி வந்தால், அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் முன் கிரந்தத்தின் பெயரும் பாடத்தின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெறும் எண் போதாது. ஸஹீஹ் முஸ்லிமுக்குப் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். சுன்னா டாட் காமில் ஒரு எண்ணும் தமிழ்ப் பதிப்பில் வேறு எண்ணும் இருக்கக் கண்டு, ஹதீஸே பொய் என்று சண்டை போட்டவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அறிவிப்பாளர் வரிசையைத் தேடி மாதக்கணக்கில் பயணம் போன சமுதாயம் நாம்.

கொச்சியில் வாழ்ந்த யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளைக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் பாடத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். முதிய பெண்களின் குரல்களைப் பதிந்து, 2004இல் ஜெரூசலம் ஹீப்ரு பல்கலைக்கழகம் குறுந்தகடாக வெளியிட்டது. நம் வீட்டு மூத்தம்மாக்களில் அரபுத் தமிழ் மாலைகளை ஓதத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செல்போனுக்கு இதைவிட நல்ல வேலை என்ன? பக்கத்தில் அமர்ந்து பதிந்து வையுங்கள். அலமாரியில் உள்ள பழைய கிதாபையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

இந்த யோசனைகளை உஸ்தாதுமார்களிடம் கலந்து பேசினோம். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் முதல் இப்படிச் செய்யலாம் என்று முடிவாகியிருக்கிறது. மதரஸாவில் ஓதும் அதே அச்சின் பக்கத்தை உஸ்தாத் படம் எடுத்துக் குழுவில் அனுப்புவார். பிள்ளை வீட்டில் செயலியைத் திறக்க வேண்டியதில்லை. குழு தாய்மார்களின் எண்ணில்தான் இருக்கும், பிள்ளைகளுக்கென்று தனி எண் வேண்டாம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பிள்ளை ஓதிய குரல் பதிவை அனுப்பினால் போதும், காணொளி வேண்டாம். பெண் பிள்ளைகளின் பதிவை ஆலிமா மட்டுமே கேட்பார். குரலை அனுப்புவது மதரஸாவுக்கு வருவதற்குப் பதிலாகாது. வாரத்தில் மூன்று நாளாவது நேரில் வந்து ஓதிக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை குழுவில் பாடம் வராது. அன்று வீட்டில் முஸ்ஹஃபைத் திறந்து சூரா கஹ்ஃபு ஓதட்டும், உம்மா பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

பிள்ளைகள் வீட்டில் ஓதும் முஸ்ஹஃபை வரும் ஞாயிறு அஸருக்குப் பின் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை வரி, எந்த அச்சு என்று பார்த்துக் குறித்துக்கொள்வோம். மதரஸாவில் ஓதும் அச்சு இல்லாத வீடுகளுக்கு அறக்கட்டளையே ஒன்று வாங்கிக் கொடுக்கும்.