குளூட்டமேட் சென்சார்: வேலியில்தான் வேலை

வடக்கனந்தலில் அஜினமோட்டோ என்றால் ஓட்டல் ஃப்ரைடு ரைஸில் போடுகிற வெள்ளைத் தூள். அதில் இருக்கும் குளூட்டமேட்தான் தக்காளிக்கும் ருசி தருகிறது, மூளையில் நரம்பைத் தூண்டும் முக்கியச் செய்தியையும் கடத்துகிறது. அதை அளக்கும் மின்வேதி சென்சார் செய்வது என் ஆராய்ச்சி. கள்ளக்குறிச்சிப் பக்கம் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இதற்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். மின்வேதியியலுக்கென்றே 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது. தூரம் போகவேண்டாம்.

குளூட்டமேட் மின்முனையில் நேரடியாக வினைபுரியாது. குளூட்டமேட் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பிளாட்டினத்தின் மேல் பூசினால், அது குளூட்டமேட்டை மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். சுமார் 700 மில்லிவோல்ட்டில் அந்தப் பெராக்சைடு மின்னோட்டம் தரும். அதைத்தான் அளக்கிறோம்.

தொல்லையும் அந்த 700இல்தான். வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் எல்லாமே அங்கே மின்னோட்டம் தரும். மூளைத் திரவத்தில் குளூட்டமேட் சில மைக்ரோமோலார் என்றால் வைட்டமின் சி சில நூறு. அதனால் நொதியைவிட, இவற்றைத் தடுக்கும் பூச்சான வேலிக்கே அதிக நாள் ஒதுக்குங்கள். மெட்டா ஃபினைலீன்டைஅமீனை மின்முனை மேலேயே பாலிமராக வளர்த்தால், சின்ன மூலக்கூறான பெராக்சைடு நுழையும், பெரியவை வெளியே நிற்கும். எனக்கு அதிகம் நம்பிக்கை தந்தது இதுதான். நாஃபியான் என்ற பாலிமர் பூச்சு மட்டும் போதாது. எதிர்மின்சுமை கொண்ட அது வைட்டமின் சியைத் தள்ளிவிடும், நேர்மின்சுமையுள்ள டோபமைனை உள்ளே இழுத்துக்கொள்ளும். புருஷியன் நீலம் பூசினால் பூஜ்ய வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே அளக்கலாம். ஆனால் பிஎச் 7.4இல் அது மெல்லக் கரைந்துபோகும்.

எந்த வேலி போட்டாலும், நொதி மட்டும் இல்லாத இன்னொரு மின்முனையைப் பக்கத்தில் வையுங்கள். நொதிக்குப் பதில் வெறும் ஆல்புமின், மற்ற பூச்செல்லாம் அதேபடி. இரண்டின் வித்தியாசமே உங்கள் குளூட்டமேட். இந்த இரட்டை இல்லாமல் வரும் முடிவுகளை நான் நம்புவதில்லை.

சோதனைக்குத் தக்காளிதான் நல்லது. குளூட்டமேட்டும் வைட்டமின் சியும் அதில் சேர்ந்தே இருக்கின்றன, காயைவிடப் பழத்தில் குளூட்டமேட் அதிகம். இந்த ஏற்றத்தைக் காட்டாத சென்சார் இன்னும் தயாராகவில்லை. சாறு புளிப்பு என்பதால் பஃபரில் நன்றாகக் கலந்து அளக்கவேண்டும். அதே சாற்றில் தெரிந்த அளவு குளூட்டமேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மின்னோட்டம் ஏறுவதை வைத்துக் கணக்கிடுங்கள்.

நொதி விலை அதிகம். வந்த அன்றே சின்னக் குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். உருக்கி உருக்கி உறையவைத்தால் வீரியம் போய்விடும்.