சின்ன கன்சல்டன்சிக்கு ஒரு முகம்

மூன்று பேர் மட்டும் இருக்கும் மார்க்கெட்டிங் கன்சல்டன்சிக்குக் கிளையன்ட் வருவது லோகோவைப் பார்த்து அல்ல, அதை நடத்துபவரை நம்பித்தான். தொடக்கத்தில் உங்கள் ஆளுமைதான் உங்கள் பிராண்ட். ஆனால் தினமும் லிங்க்ட்இன்னில் படம் போட்டு அந்த ஆளுமையை உருவாக்கிவிட முடியாது.

அது எப்படி உருவாகும் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். டேவிட் ஓகில்வி 1948இல் நியூயார்க்கில் விளம்பர ஏஜென்சி தொடங்கியபோது அவருக்கு வயது 37. லண்டனில் இருந்த இரண்டு ஏஜென்சிகள் முதல் போட்டன; அதில் ஒன்று அவருடைய அண்ணன் பிரான்சிஸ் இருந்த நிறுவனம். அதற்கு முன் அவர் பாரிஸில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்திருந்தார். ஸ்காட்லாந்தில் ஆகா அடுப்புகளை வீடு வீடாக ஏறி இறங்கி விற்றிருந்தார். ஜார்ஜ் கேலப்பிடம் கருத்துக்கணிப்புத் தொழிலைக் கற்றிருந்தார். இவை எதையும் அவர் மறைக்கவில்லை. விற்றுப் பழகியவர், கணக்கெடுத்துப் பேசுபவர் என்பதே அவருடைய அடையாளமாயிற்று. நீங்கள் மெடிக்கல் ரெப்பாக அலைந்த வருடங்களும், நகைக்கடை கவுன்ட்டரில் நின்ற வருடங்களும் அப்படிப்பட்ட முதல்தான். உங்களைப் பற்றிய அறிமுகத்தில் அவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

அடுத்தது உழைப்பு. ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்துக்காக ஓகில்வி மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தார். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போதும் காருக்குள் பெரிதாகக் கேட்பது மின் கடிகாரத்தின் சத்தம்தான் என்ற தகவல் அந்தப் படிப்பில்தான் சிக்கியது. 1958இல் அதையே தலைப்பாக்கினார். கிளையன்டின் பொருளை அவரே வியக்கும் அளவுக்குத் தெரிந்துவைத்திருப்பவரைத்தான் அவர் இன்னொருவரிடம் சிபாரிசு செய்வார். புரொபோசல் எழுதுமுன் கிளையன்டின் கடையில் ஒரு நாள் முழுக்க நில்லுங்கள்.

கட்டண விஷயத்தில் கறாராக இருங்கள். விளம்பரச் செலவில் 15 சதவீதம் கமிஷன் என்பது அன்றைய வழக்கம். 1960இல் ஷெல் நிறுவனத்தின் வேலையை ஏற்றபோது ஓகில்வி அதை விட்டு ஃபீஸ் முறைக்கு மாறினார். காரணம் எளிது: கிளையன்ட் அதிகம் செலவழித்தால்தான் உங்களுக்கு வருமானம் என்றால், செலவைக் குறைக்கச் சொல்லும் நாணயம் உங்களிடம் எப்படி நிற்கும்? ஃபீஸை எழுத்தில் வாங்குங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், செய்துவிடுங்கள். அப்படிப் பதிந்த குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

உங்கள் முகத்தை நம்பி வந்தவர் உங்களை மட்டுமே கேட்பார் என்பதுதான் பெரிய சிக்கல். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் கம்பெனியும் படுத்துவிடும். ஓகில்வி இதை எழுதி எழுதியே சமாளித்தார். 1935லேயே ஆகா விற்பனையாளர்களுக்கு ஒரு கையேடு எழுதியவர், பின்னாளில் ஊழியர்களுக்குக் குறிப்புகள் அனுப்பிக்கொண்டே இருந்தார். புதிய கிளைத் தலைவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்யப் பொம்மைகளை அனுப்புவார். கடைசிக் குட்டிப் பொம்மைக்குள் ஒரு சீட்டு இருக்கும்: நம்மைவிடச் சிறியவர்களையே சேர்த்தால் நிறுவனம் குள்ளமாகும், பெரியவர்களைச் சேர்த்தால் ஓங்கி வளரும் என்பது அதன் சாரம்.

ஆகவே நீங்கள் கிளையன்டிடம் கேட்கும் கேள்விகள், மறுக்கும் வேலைகள், ரிப்போர்ட் எழுதும் விதம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். அடுத்த மாத ரிவ்யூ மீட்டிங்கில் உங்கள் ஜூனியரே பேசட்டும். கிளையன்ட் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டாலும் பதிலை ஜூனியரிடமே விடுங்கள்.