ஸ்டேஷனிலிருந்து அனுப்பிவிட்டார்கள்... தம்பி கைதானானா, இல்லையா?

கேள்வி: டூ வீலர் நிறுத்துவதில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் தகராறு. வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பாகிவிட்டது. சாயங்காலம் போலீஸ் வந்து தம்பியை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'கூப்பிட்டா வரணும்' என்று சொல்லி ராத்திரியே அனுப்பிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆரில் 296(பி), 115(2) என இரண்டு பிரிவுகள். 64 வயதான அப்பாவையும் சேர்த்திருக்கிறார்கள். இப்போது 'பிரிவு 35(3)-ன்படி திங்கட்கிழமை ஆஜராகவும்' என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்திருக்கிறது. போனால் உள்ளே வைத்துவிடுவார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: தம்பி தாராளமாகப் போகலாம். போகாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆனால் அதற்கு முன், அன்று ராத்திரி அவர் கையெழுத்துப் போட்ட தாள் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அது பிணைப் பத்திரமாக இருந்தால், தம்பி கைது செய்யப்பட்டு ஸ்டேஷன் ஜாமீனில் வந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படியானால் கைதுக் குறிப்பாணை ஒன்றும் தயாராகியிருக்க வேண்டும். அதில் குடும்பத்தினர் அல்லது அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், விசாரணைக்கு வருகிறேன் என்று மட்டும் எழுதி வாங்கியிருந்தால் கைது நடக்கவில்லை. 35(3) அறிவிப்பு இப்போது வந்திருப்பதைப் பார்த்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். ஏனென்றால், கைது தேவையில்லை என்று போலீஸ் கருதும்போது கொடுப்பதுதான் அந்த அறிவிப்பு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41, 41-ஏ பிரிவுகளின் இடத்தில் வந்தது. ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம் என்றால், எஃப்.ஐ.ஆர். போட்ட கையோடு ஆளைத் தூக்கிவிட முடியாது. மேலும் குற்றம் செய்வார், ஆதாரத்தை அழிப்பார், சாட்சிகளை மிரட்டுவார், கோர்ட்டுக்கு வராமல் தலைமறைவாவார், முறையான விசாரணைக்குக் கைது அவசியம் போன்ற காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். அதைப் போலீஸ் எழுத்தில் பதிவு செய்யவும் வேண்டும். காரணம் இல்லையென்றால் அறிவிப்பு கொடுத்து விசாரிக்க வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. காரணத்தைப் பார்க்காமல் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டும் பதில் சொல்ல வேண்டிவரும் என்றது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஜாமீனில் விடமுடியாத பிரிவு என்றால் கைது நிச்சயம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. சாதாரணத் திருட்டு ஜாமீனில் விடமுடியாத குற்றம்தான். ஆனால் தண்டனை மூன்றாண்டு வரைதான் என்பதால் அதற்கும் 35(3) அறிவிப்பு பொருந்தும்.

தம்பியின் வழக்கில் அந்தப் பிரச்சினையே இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) என்பது சாதாரணக் காயம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 323. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 296(பி) என்பது பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது; பழைய 294(பி). மூன்று மாதம் வரை சிறை. 115(2) மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. 296(பி)-க்கு அந்தத் தடை கிடையாது. தெருச்சண்டை எஃப்.ஐ.ஆர்.களில் 296(பி) பெரும்பாலும் இடம்பெறுவது இதனால்தான்.

இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியவை. ஆகவே நாளைக்கே கைது செய்தாலும், ஜாமீன் கொடுக்கத் தயாராக இருக்கும்வரை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478-வது பிரிவின்படி ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். அது உங்கள் உரிமை. பிணைதாரர் கிடைக்காத ஏழை என்றால் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும். கைதாகி ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவரை ஏழை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பத்திரத்தில் எழுதும் தொகை, சொன்னபடி ஆஜராகாவிட்டால் கட்டவேண்டியது. ஸ்டேஷனில் ரொக்கமாக யாரிடமும் நீட்ட வேண்டியதில்லை.

அப்பா விஷயத்தில் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், அறுபது வயதைத் தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. அல்லது அவருக்கு மேல் உள்ள அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அவருடைய வயதுச் சான்றின் நகலைக் கையில் வைத்திருங்கள்.

வாட்ஸ்அப் அறிவிப்பு சட்டப்படி செல்லாது. 35-வது பிரிவு அறிவிப்பை வாட்ஸ்அப் போன்ற வழிகளில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதற்காக, செல்லாத அறிவிப்புதானே என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போய் எழுத்துமூலமான அறிவிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

அறிவிப்பை மதித்து நடக்கும்வரை கைது செய்யக்கூடாது. மீறிச் செய்தால் காரணத்தை எழுத வேண்டும். முறையான அறிவிப்புக்குப் பிறகும் வராமல் இருந்தாலோ, தான் யார் என்று சொல்ல மறுத்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் 'கேஸை வாபஸ் வாங்கு' என்று மிரட்டினாலும் அப்படித்தான். சாட்சியை மிரட்டுகிறார் என்று கைதுக்கான காரணத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அனுப்பிவிட்டார்கள் என்பதால் வழக்கு முடிந்துவிடவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலானதும் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். வீடு மாறினால் புது முகவரியை ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள். பழைய முகவரிக்கே சம்மன் போய்த் திரும்பி, கடைசியில் பிடிவாரண்டில் முடிகிற வழக்குகள் நிறைய. ஒருவேளை தம்பி ஜாமீனில்தான் வந்திருக்கிறார் என்றால், காரணமில்லாமல் கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பது தனிக் குற்றம். அதற்கே ஓராண்டு வரை சிறை உண்டு.

சமாதானத்துக்கும் வழி இருக்கிறது. 115(2)-ஐ, காயம்பட்டவர் சம்மதித்தால் கோர்ட்டில் முடித்துக்கொள்ளலாம். 296(பி) அப்படி முடித்துக்கொள்ளும் பட்டியலில் இல்லை. இரு தரப்பும் ராஜியானதைக் காட்டி, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-வது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரலாம். பேச்சுவார்த்தையைத் தம்பி நேரில் நடத்தாமல் பெரியவர்களோ வழக்கறிஞரோ நடத்துவது நல்லது.

திங்கட்கிழமை ஆதார் நகல், எஃப்.ஐ.ஆர். நகல் ஆகியவற்றோடு, முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும் கூட்டிக்கொண்டு சொன்ன நேரத்துக்குப் போகட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். கொடுக்கும் எந்தத் தாளையும் படித்துவிட்டுக் கையெழுத்திட்டு, நகல் கேட்டு வாங்கட்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்வார்கள்.