பாட்டு நின்றதும் பிளானை மாற்றாதீர்கள்

நம்பிக்கை: இணைய வானொலி விட்டு விட்டுப் பாடுகிறதா? நெட் வேகம் போதவில்லை. 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: நொடிக்கு 128 கிலோபிட்டில் வரும் நிலையத்தை ஒரு மணி நேரம் கேட்டாலும் 58 எம்பிக்குள் முடிந்துவிடும். 10 எம்பிபிஎஸ் இணைப்பே இதற்குத் தேவையைப் போல எழுபது மடங்குக்கு மேல். வானொலிக்கு வேண்டியது அறுபடாத வரத்து. பிளேயர் சில நொடி ஒலியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்குகிறது. அந்தக் கையிருப்பு தீரும்வரை புது வரத்து இல்லையென்றால் பாட்டு நிற்கும். ஸ்பீடு டெஸ்ட் காட்டும் பெரிய எண்ணில் இந்தச் சில நொடித் தடை தெரியாது.

வீடுகளில் பெரும்பாலும் தடை வைஃபையில்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. அடுக்குமாடியில் எல்லா வீட்டு ரவுட்டர்களும் அவற்றுக்குள்தான் முண்டியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான்.

ரவுட்டரிலிருந்து கணினிக்கு லேன் கேபிள் செருகிப் பாருங்கள். நிற்காமல் பாடினால் பழி வைஃபைமேல். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். கேபிளிலும் நின்றால் வேறு நிலையத்தைப் போடுங்கள். அது ஒழுங்காகப் பாடினால் கோளாறு முதல் நிலையத்தின் சர்வரில்; உங்கள் கணினியை நோண்டுவது வீண். பிளான் விற்க வருபவர் இந்தச் சோதனையைச் சொல்லித்தர மாட்டார்.

விஎல்சியில் கேட்பவர்கள் அமைப்புகளில் நெட்வொர்க் கேச்சிங் அளவை 1000 மில்லிநொடியிலிருந்து 5000 ஆக்கலாம். கிரிக்கெட் வர்ணனைக்கு மட்டும் வேண்டாம். விக்கெட் விழுந்த செய்தியைப் பக்கத்து வீட்டுக் கூச்சல் முந்திச் சொல்லிவிடும்.

நம்பிக்கை: சத்தமே இல்லையென்றால் நெட் இல்லை.

உண்மை: பிளேயரில் நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஒலி வந்துகொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் போகும் இடம்தான் தவறு. எச்டிஎம்ஐ மானிட்டரை இணைத்ததும் ஒலி அதற்குப் போய்விடுவதுண்டு, அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும். டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் படத்தை அழுத்திச் சரியான கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

நம்பிக்கை: பழைய வானொலித் தளம் பாடாவிட்டால் ஃபிளாஷ் பிளேயரை இறக்க வேண்டும்.

உண்மை: கூடவே கூடாது. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதைக் கைவிட்டுவிட்டது. இன்று ‘ஃபிளாஷ் அப்டேட்’ என்று வருவதைத் தொட்டால் வைரஸுக்குக் கதவு திறந்ததாகும். நிலையத்தின் ஒலி முகவரி தெரிந்தால் விஎல்சியில் கன்ட்ரோல்-என் அழுத்தி ஒட்டுங்கள். பாதுகாப்பற்ற பழைய எச்டிடிபி முகவரி என்பதால் பிரவுசர் மறுக்கும் நிலையங்களும் அதில் பாடும்.

நம்பிக்கை: புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு திடீரென்று டெலிபோன் குரல் மாதிரி ஆனால் நிலையம் தரத்தைக் குறைத்துவிட்டது.

உண்மை: ஏதோ ஒரு செயலி ஹெட்செட்டின் மைக்கைத் திறந்திருக்கும். மைக் திறந்ததும் வழக்கமான புளூடூத், இசைக்கான ஸ்டீரியோவை விட்டுப் பேச்சுக்கான மோனோவுக்கு இறங்கிவிடும். மூட மறந்த மீட்டிங் ஜன்னலைத் தேடி மூடுங்கள்.